மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கின்றன: தலையில் அடிபட்ட மகன் எப்போது களமிறங்கலாம்?

அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலம் ஒன்றிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது 20. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல) அணியில், பந்தோடு முன்னேறும் பிரிவான அஃபென்ஸின் நடுநாயகமான சென்டர் இடத்தில் ஆடுகிறார். 2025 பருவத்தின் முதல் ஐந்து ஆட்டங்களில் அணி ஒன்றில்தான் வென்றது; ஆட்டத்துக்குப் பதினைந்து புள்ளிகள் எடுப்பதே பெரும்பாடாக இருந்தது. அதுவரை வேறு இடத்தில் ஆடிய மகனை ஆறாவது ஆட்டத்தில் சென்டராக இறக்கினார்கள். அதிலிருந்து நடந்த நான்கில் மூன்றில் வெற்றி. எடுக்கும் புள்ளிகளும் ஏறத்தாழ இரு மடங்காயின. இப்போது நான்கு வெற்றி, ஐந்து தோல்வி என்று நிற்கிறது அணி. நவம்பர் 15, 22, 29 ஆகிய சனிக்கிழமைகளில் மூன்று ஆட்டங்கள் மீதமிருக்கின்றன. இரண்டில் வென்றால் ஆறு வெற்றிகளை எட்டி, டிசம்பரில், பருவம் முடிந்தபின் தகுதி பெற்ற அணிகளுக்கு நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிடும்.

நவம்பர் 1 அன்று நடந்த ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதியில் மகனுடைய ஹெல்மெட்டும் எதிரணி வீரருடைய ஹெல்மெட்டும் பலமாக மோதின. அவர் யாரிடமும் சொல்லாமல் ஆட்டம் முடியும்வரை ஆடினார். கடைசி நிமிடங்களில், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று தோழர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டிய அழைப்பை இரண்டு முறை மறந்துபோனதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். ஆட்டத்தில் அணி வென்றது. தலைவலியையும் வெளிச்சம் பட்டால் கண் கூசுவதையும் இரண்டு நாள் மறைத்துவிட்டார். திங்கட்கிழமை அறைத்தோழர்தான் அணியின் உடல்நலப் பயிற்றுநரிடம் தெரிவித்தார். சிடி ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனாலும் அரை மணி நேரம் படித்தால் தலை வலிக்கிறது. உயர்நிலைப் பள்ளியிலும் ஒரு முறை மூளையதிர்ச்சி ஏற்பட்டதுண்டு.

இந்த வாரம் அணிக்கு ஆட்டமில்லை. “ஸ்கேன் சரியாக இருக்கிறது, ஓய்வுக்கு இரண்டு வாரமும் கிடைக்கிறது; 15ஆம் தேதி ஆடலாம் அல்லவா? நான் கோச்சிடமும் அணி மருத்துவரிடமும் நேரில் பேசலாமா? வெளியே உட்கார்ந்தால் அவனுடைய இடமும் உதவித்தொகையும், ஆடத் தகுதியுள்ள ஆண்டுகளில் ஓர் ஆண்டும் பறிபோகுமா? என் மனைவியோ ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்கிறாள். மூளை நோய் வருமென்று அழுகிறாள். நான் அவனிடம், இன்னும் மூன்று ஆட்டம்தான், பொறுத்துக்கொள் என்று சொன்னேன். அது தவறா?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

கல்லூரி அணிகளின் ஓரக்கோட்டில் மருத்துவனாகப் பல பருவங்கள் நின்றவன் நான். செப்டம்பரில் தடுமாறிய அணி நவம்பரில் ஒன்றுசேர்ந்து எழுவதைப் பார்க்கும் மகிழ்ச்சி எத்தகையது என்பது எனக்குத் தெரியும். அந்த எழுச்சியின் நடுவில் உங்கள் மகன் நிற்கிறார் என்பது நீங்கள் பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் இப்படி அணி எழுந்துவரும் வாரங்களில்தான் மாணவர்கள் தலைவலியை மறைப்பதை அதிகம் பார்த்திருக்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் ஒரு வீரர் வெளியே உட்கார்ந்தால் யாரும் பெரிதாக வருந்துவதில்லை. வெல்லத் தொடங்கிய அணியில் அது துரோகம்போல அவருக்கே தோன்றிவிடுகிறது. ஆகவே இந்தப் பதிலில் மருத்துவத்தையும் ஆட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் சொல்வதும் சொல்லாததும்

சிடி ஸ்கேன் எடுத்தது சரியே. மண்டையோட்டில் விரிசலோ, உள்ளே இரத்தக் கசிவோ இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். அவை இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் மூளையதிர்ச்சி என்பது மூளையின் இயக்கத்தில் ஏற்படும் கோளாறு. மூளை சட்டென்று குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன, செல்களின் வேதிச் சமநிலை குலைகிறது, அதைச் சரிசெய்ய மூளைக்கு வழக்கத்தைவிட அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. இவற்றில் எதுவும் சாதாரண ஸ்கேனில் தெரியாது. அதனால் ஸ்கேன் சரியாக இருப்பதை ஆடுவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரை மணி நேரப் படிப்புக்கே வலிக்கிறது என்று அவர் சொல்வது, அந்த ஸ்கேனைவிட எனக்கு அதிகம் சொல்கிறது.

ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு சொல். அது மண்டையோடு உடையாமல் காக்கிறது. உள்ளே மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. “நல்ல ஹெல்மெட்தான் போட்டிருந்தான்” என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இரண்டு வாரக் கணக்கு

இரண்டு வார ஓய்வு கிடைத்துவிட்டால் போதும் என்ற உங்கள் எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு, மூளையதிர்ச்சிக்குப் பின் விளையாட்டுக்குத் திரும்புவதை ஆறு படிகளாக வகுத்திருக்கிறது. முதல் ஓரிரு நாட்கள் ஓரளவு ஓய்வு. இருட்டறையில் படுத்தே கிடக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையை இன்று கைவிட்டுவிட்டோம். அன்றாட வேலைகளைச் செய்வது முதல் படி. நடை, நிலைச் சைக்கிள் போன்ற மிதமான உடற்பயிற்சி இரண்டாவது. தனியாகச் செய்யும் விளையாட்டுப் பயிற்சி மூன்றாவது. மற்றவர்களோடு, ஆனால் மோதலின்றிச் செய்யும் பயிற்சி நான்காவது. மோதலோடு கூடிய முழுப் பயிற்சி ஐந்தாவது. ஆட்டம் ஆறாவது. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் வேண்டும்.

முதல் மூன்று படிகளில் லேசான தலைவலி சிறிது நேரம் கூடிக் குறைந்தால் பயப்பட வேண்டியதில்லை. நான்காவது படிக்குள் நுழையும்போது அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். கடின உடற்பயிற்சிக்குப் பிறகும் அவை தலைகாட்டக் கூடாது. மருந்தால் அடக்கிய தலைவலி, நீங்கிய தலைவலி ஆகாது.

இந்தப் படிகளைக் காலண்டரில் வைத்துப் பாருங்கள். கல்லூரி வீரர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் இரண்டு வாரங்களுக்குள் முழு ஆட்டத்துக்குத் திரும்புகிறார்கள். மீதிப்பேரில் பெரும்பாலோர் ஒரு மாதத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஒரு மாதம் ஆனாலும் அது இயல்பான குணமடைதல்தான். ஆனால் உங்கள் மகனுக்கு இரண்டு விஷயங்கள் பாதகமாக இருக்கின்றன. அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடியவர்கள், உடனே வெளியேறியவர்களைவிடத் தாமதமாகவே குணமடைகிறார்கள். அவர் ஒரு கால்பகுதிக்கும் மேல் ஆடியிருக்கிறார். முன்பும் ஒரு முறை மூளையதிர்ச்சி ஏற்பட்டிருக்கிறது. ஆகவே 15ஆம் தேதியை மனத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 22ஆம் தேதி சாத்தியமாகலாம். 29ஆம் தேதிக்கு வாய்ப்பு அதைவிட அதிகம். எதையும் இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. தேதியைத் தீர்மானித்துவிட்டு அறிகுறிகளை அதற்கேற்ப வளைப்பதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

குணமடைவதற்குள் மீண்டும் அடிபட்டால் மூளை திடீரென்று வீங்கி உயிரே போகும் நிலை மிக அரிதாக ஏற்படுகிறது. ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அரிதானாலும், இரண்டாவது அடியைத் தள்ளிவைப்பது முழுக்க நம் கையில் இருப்பதால் அதைச் சொல்லாமல் விட முடியாது. அடிக்கடி நடப்பது வேறு: முழுதும் தேறாமல் திரும்புகிறவர்களுக்கு முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. எதிர்வினை ஒரு கண நேரம் தாமதமானாலே, அவ்வளவு கனமான உடல்கள் மோதும் இடத்தில் கால் தவறான கோணத்தில் சிக்கிக்கொள்ளும்.

அவர் இல்லாமல் அஃபென்ஸ் என்னவாகும்?

உங்கள் கடிதத்தில் மிக நீளமான பகுதி இதுதான். ஆறாவது ஆட்டத்திலிருந்து வந்த மாற்றத்தை ஆட்டம் ஆட்டமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு தந்தை இவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பது என்னை நெகிழவைத்தது. அதனால்தான் இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

சென்டர் மாறியதும் ஒரு காரணம் என்பதை ஏற்கிறேன். பந்தை, அஃபென்ஸை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் கையில் சேர்ப்பது மட்டும் அவருடைய வேலையில்லை. எதிரே யார் எங்கே நிற்கிறார்கள், யார் பாயப் போகிறார்கள் என்று சில நொடிகளில் படித்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று பக்கத்திலுள்ள நால்வருக்கும் கத்திச் சொல்ல வேண்டியவர் அவர். இந்த ஐந்து பேரும் ஒரே வரிசையில் தொடர்ந்து நின்று பழகினால் பருவத்தின் பின்பாதியில் தாக்குதல் மேம்படுவது கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமாகக் காணக்கூடியது. குவார்ட்டர்பேக்குக்குக் கூடுதலாக அரை நொடி கிடைக்கிறது. பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில், மூன்றாவதில் தேவைப்படும் தூரம் குறைகிறது. பந்தைப் பறிகொடுப்பதும் குறைகிறது. ஆனால் இது ஐவரும் குவார்ட்டர்பேக்கும் சேர்ந்து பெற்ற முன்னேற்றம். எதிர்த்து ஆடிய நான்கு அணிகளின் தடுப்பு எவ்வளவு வலுவானது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதை உங்கள் கடிதம் தொடவில்லை. தவிர, மீதமுள்ள மூன்று எதிரணிகளும் இந்த நான்கு ஆட்டங்களின் பதிவுகளை இப்போது உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகன் முழு நலத்தோடு ஆடினாலும் அடுத்த மூன்றும் கடந்த நான்கைவிடக் கடினமாகவே இருக்கும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சென்டரின் வேலை உடல்பலத்தோடு மூளையின் வேகத்தையும் கேட்கும் வேலை. மூளையதிர்ச்சி முதலில் தாக்குவது அந்த வேகத்தைத்தான். நவம்பர் 1 அன்று அழைப்பை இரண்டு முறை மறந்தார் என்றால், அந்த இரண்டு முறையும் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போயிருக்கலாம். அவர் முழுதும் தேறாமல் 15ஆம் தேதி ஆடினால் அணிக்கு உதவுவதாக நினைப்பார். உண்மையில் தன்னோடு இன்னொரு மாணவரையும் ஆபத்தில் நிறுத்துவார். ஒரு வாரத்துக்கு முன்பே உறுதியாகத் தெரிந்தால், மாற்று சென்டர் இந்த ஓய்வு வாரம் முழுவதும் முதல் அணியோடு நின்று குவார்ட்டர்பேக்குடன் பந்து பரிமாற்றத்தைப் பழகிக்கொள்ள முடியும். உங்கள் மகன் உண்மையைச் சொல்வது அணியின் வாய்ப்பைக் கூட்டுகிறது என்றே நான் கருதுகிறேன். படிப்பும் திரையும் தாங்கும் அளவுக்குத் தேறிய பிறகு, எதிரணி ஆட்டங்களைப் பார்த்து அந்த மாற்று வீரருக்குச் சொல்லித்தரவும் அவரால் முடியும்.

பவுல் ஆட்டத்தைப் பொறுத்தவரை, ஆறு வெற்றி என்பது வழக்கமான வாயில். தகுதி பெற்ற அணிகள் போதாத ஆண்டுகளில், ஐந்து வெற்றி பெற்ற சில அணிகளை மாணவர்களின் கல்வித் தேர்ச்சி மதிப்பீட்டின் அடிப்படையில் அழைப்பதும் உண்டு. 2023இல் மினசோட்டா அப்படித்தான் அழைக்கப்பட்டு, வென்றும் காட்டியது. அதை நம்பி இருக்கச் சொல்லவில்லை. பவுல் ஆட்டங்கள் டிசம்பர் நடுப்பகுதிக்குப் பிறகே வருகின்றன. அதற்குள் உங்கள் மகன் ஒழுங்காகக் குணமடைந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

கோச்சிடம் பேசுவது

மகனுக்கு 18 வயது கடந்துவிட்டது, கல்லூரியிலும் சேர்ந்துவிட்டார். நம் ஊர் வழக்கப்படி, கட்டணம் கட்டும் தந்தைக்கு எல்லாம் சொல்லப்படும் என்று எதிர்பார்க்கிறோம். அமெரிக்கச் சட்டம் அப்படி இல்லை. அவருடைய மருத்துவ விவரங்களும் கல்விப் பதிவுகளும் அவருக்கே உரியவை. அவர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்தால் அணி மருத்துவர் உங்களிடம் தாராளமாகப் பேசலாம். ஒப்புதல் இல்லாவிட்டாலும், நீங்கள் மருத்துவரிடம் தகவல் தெரிவிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. பள்ளிக்கால மூளையதிர்ச்சியைப் பற்றி அணிக்குத் தெரியாவிட்டால் அதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்வதற்கு முன் மகனிடமும் தெரிவித்துவிடுங்கள்.

கோச்சிடம் கேட்பதால் பயனில்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி, வீரர் எப்போது திரும்பலாம் என்பதை முடிவுசெய்யும் தனியுரிமை அணி மருத்துவருக்கும் உடல்நலப் பயிற்றுநர்களுக்கும் உரியது. கோச் அதை மாற்ற முடியாது. மூளையதிர்ச்சி உறுதிசெய்யப்பட்டவர் அன்றே களத்துக்குத் திரும்பக் கூடாது என்பதும், அறிகுறிகளை மறைக்காமல் தெரிவிக்கும் பொறுப்பை ஏற்று ஒவ்வொரு வீரரும் கையெழுத்திட வேண்டும் என்பதும் அதே அமைப்பின் விதிகள். உங்கள் மகனும் கையெழுத்திட்டிருப்பார். யாராவது அவரை முன்கூட்டியே இறங்கச் சொல்லி வற்புறுத்தினால், மருத்துவரிடமும், கல்லூரியின் விளையாட்டு மருத்துவப் பொறுப்பாளரிடமும் எழுத்தில் தெரிவிக்கலாம். வெளி மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துப் பெறவும் தடையில்லை.

இடம், உதவித்தொகை, ஓராண்டு

உதவித்தொகை நடப்பிலுள்ள காலத்தில், காயத்தைக் காரணம் காட்டி அதைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியாது. எத்தனை ஆண்டுகளுக்கு அது வழங்கப்பட்டது என்பது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் வகையாக இருந்து, அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுத்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தை எடுத்து இந்த வாரமே படித்துவிடுங்கள்.

“ஓர் ஆண்டு பறிபோகும்” என்ற பயம் வீணானது. காயத்துக்காக ஓர் ஆண்டைத் திரும்பப் பெறும் விலக்கு, பருவத்தின் முதல் பாதியில் அடிபட்டு, மிகச் சில ஆட்டங்களே ஆடியவர்களுக்கு உரியது. ஒன்பது ஆட்டங்கள் ஆடிய உங்கள் மகனுக்கு இந்த ஆண்டு ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது. மீதி மூன்றில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அதில் மாற்றமில்லை.

அணியில் அவருடைய இடத்துக்கு என்னால் உறுதி தர முடியாது. எந்தச் சட்டமும் தராது. மாற்று வீரர் சிறப்பாக ஆடினால் வசந்தகாலப் பயிற்சியில் உங்கள் மகன் போட்டியிட்டுத்தான் இடத்தை மீட்க வேண்டும். அது வலிக்கும். ஆனால் நான்கு ஆட்டங்களில் அவர் காட்டியது பதிவில் இருக்கிறது. கோச்சுகள் அதை மறப்பதில்லை.

உங்கள் மனைவி அஞ்சுவது

அவருடைய அச்சத்தைத் தள்ளிவிடாதீர்கள். சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளைச் சிதைவு நோய், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடையது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தானமாகப் பெறப்பட்ட 202 ஃபுட்பால் வீரர்களின் மூளைகளில் 177இல் அது கண்டறியப்பட்டது. கல்லூரி நிலைவரை ஆடிய 53 பேரில் 48 பேருக்கு இருந்தது. இந்த எண்களைப் பார்த்து, கல்லூரியில் ஆடிய பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வரும் என்று முடிவுகட்டினால் அது தவறு. வாழும்போது தொல்லைகள் இருந்ததைக் கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானமாகக் கொடுத்திருப்பார்கள். ஆய்வாளர்களும் இந்த வரம்பைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். உறுதியான நோயறிதல் இறப்புக்குப் பிறகுதான் இயலும் என்பதால், ஒரு தனி மனிதருக்கு இத்தனை விழுக்காடு ஆபத்து என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆடும் ஆண்டுகள் கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது. அறிகுறி எதுவும் தராத சிறு மோதல்களும் அதில் சேரும். சென்டராக ஆடுபவர் ஏறத்தாழ ஒவ்வொரு முயற்சியிலும் தலைக்கருகே மோதலைச் சந்திக்கிறார். ஓர் ஆட்டத்தில் அப்படி அறுபது, எழுபது முறை. மனைவி இதை உணர்ந்தே பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

அதற்காக இந்த வாரமே ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லவும் மாட்டேன். தலைவலியோடும் தூக்கக் குறைவோடும் இருக்கும் இளைஞரிடம் வாழ்க்கை முடிவு எதையும் கேட்கக் கூடாது. ஜனவரியில், குணமான பிறகு, மூளையதிர்ச்சியில் தேர்ந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரை மூவரும் சேர்ந்து பாருங்கள். எத்தனை வயதில் ஆடத் தொடங்கினார், இரண்டு முறையும் தேற எத்தனை நாளானது, நினைவும் மனநிலையும் எப்படி இருக்கின்றன என்பவற்றை வைத்து அந்தப் பேச்சு நடக்கட்டும். முடிவு அவருடையதாக இருக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

“பொறுத்துக்கொள்” என்று நீங்கள் சொன்னது அன்பினால்தான். ஆனால் ஆம், அது தவறான அறிவுரை, அதைத் திரும்பப் பெற வேண்டும். ஏற்கெனவே இரண்டு நாள் மறைத்த பிள்ளைக்கு, தந்தையின் அந்தச் சொல் மீண்டும் மறைக்கக் கிடைத்த அனுமதியாகிவிடும். இன்றே அழைத்து, “அன்று நான் சொன்னதை மறந்துவிடு, உனக்கு இருப்பதை இருக்கிறபடி டாக்டரிடம் சொல். எந்தச் சனிக்கிழமை ஆடினாலும் ஆடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்” என்று சொல்லுங்கள். அடுத்த ஆட்டம் எப்போது ஆடுவாய் என்ற கேள்வியை அவரே பேச்செடுக்கும்வரை கேட்காதீர்கள். காட்டிக்கொடுத்ததாக அறைத்தோழர்மீது அவருக்குக் கோபம் இருக்கலாம். அந்த நண்பருக்கு நீங்கள் நன்றி சொல்லிவிடுங்கள்.

படிப்புக்கும் படிப்படியாகவே திரும்ப வேண்டும். டிசம்பரில் தேர்வுகள் வருகின்றன. கூடுதல் அவகாசம், குறைந்த திரைநேரம் ஆகியவற்றை அணி மருத்துவரின் கடிதத்தோடு கல்லூரியிடம் கேட்கலாம். வகுப்பில் முழு நாள் தாங்காத தலை, மோதல் பயிற்சியைத் தாங்காது. மருத்துவர் சொல்லும்வரை கார் ஓட்ட வேண்டாம், மது வேண்டாம். தலைவலி மாத்திரையை மருத்துவருக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம்.

கடைசியாக, அறைத்தோழரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்: தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, எழுப்ப முடியாத தூக்கம், ஆளையோ இடத்தையோ அடையாளம் தெரியாத குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும், அணி மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும்.